ஆடி மாதத்துக் கடல்காக்கா

மஜீது பாயின் கிடங்கில், அரிசி மூட்டைகளின் உச்சியில் ஆறு வெள்ளை இறகுகள் கிடந்தன. முதலில் பார்த்தவர் எங்கள் சூப்பர்வைசர் செல்வம். ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு, இறகைத் தொடாமல், விரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

"பாய், நல்லா பாத்துக்கோங்க. கடல்காக்கா. உள்ள பூந்து வெளையாடிகீது."

மஜீது பாய் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். வண்ணாரப்பேட்டையில் அவருக்கு அரிசி மண்டி. கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கை மட்டும் திருவொற்றியூரில், ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் இந்தக் கிடங்கில் அடுக்கிவைப்பார். முதல் நாள் காலையில் சரக்கு வாங்குகிறவரின் ஆள் வந்து ஒரு மூட்டையைக் குத்திப் பார்த்திருக்கிறார். அரிசி உதிராமல், நூல் கோத்த மாதிரி கட்டி கட்டியாக வந்திருக்கிறது. அந்துப்பூச்சி. அவர் கையை உதறிவிட்டுப் போய்விட்டார்.

மூட்டைகளுக்குப் புகை மருந்து வைத்தது எங்கள் கம்பெனி. அந்தக் கம்பெனியில் மருந்து மாத்திரையைக் கையால் வைக்கிற ஆள் நான். பெயர் அருள்நாதன், ஊர் சங்கரன்கோவில் பக்கம். பட்டணம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிடங்கு வாசலை ஒட்டின தகரக் கொட்டகையில்தான் எங்கள் மருந்து டின்கள் இருந்தன, விரிப்புகள் இருந்தன, நானும் இருந்தேன். 2001, ஆடி மாதம்.

"பறவைக்கும் பூச்சிக்கும் இன்னா சம்பந்தம்?" என்று கேட்டார் பாய்.

"கீது பாய். நம்ம மருந்து உள்ள இருந்த பூச்சிய அத்தினியும் கொன்னுடுச்சு. அப்பால கடல்காக்கா வந்து மூக்கால கோணிய கிழிச்சுது. கிழிஞ்ச ஓட்டையில வெளியிலேர்ந்து புதுப் பூச்சி பூந்து முட்ட வெச்சிடுச்சு. மருந்து மேல தப்பு இல்ல."

"பறவை எப்டி உள்ள வந்துச்சு?"

செல்வம் ஏணியில் இருந்தபடியே கிழக்குச் சுவரைப் பார்த்தார். அங்கே மேலே ஒரு காற்று ஜன்னல். கம்பிவலைச் சட்டம் ஒரு சாண் அளவுக்குத் திறந்து நின்றது.

"அத யார் தொறந்ததுன்னு கேளுங்க. கூட்டுற அரிசி யாருக்குப் போவுதுன்னும் கேளுங்க."

சுமை தூக்குகிற நாலைந்து பேர் சட்டென்று ஒரே பக்கம் திரும்பினார்கள். கெங்கம்மா துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து காலை ஆறரை மணிக்கெல்லாம் வந்துவிடுகிறவள். கிடங்குகளில் ஒரு வழக்கம் உண்டு. தரையில் சிந்துகிற அரிசி கூட்டுகிறவளுக்கு. யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. மண்ணோடு வாரி, முறத்தில் புடைத்து, ஒரு பையில் கட்டி எடுத்துப் போவாள். ஒரு மூட்டை கிழிந்தால் அந்தப் பை கொஞ்சம் கனக்கும். செல்வம் சொல்லவந்தது அதைத்தான்.

"இன்னா சொல்ற நீ?" கெங்கம்மாவின் குரல் மெதுவாகத்தான் வந்தது. "அரிசிக்கோசரம் நான் காக்காய கூப்ட்டு உள்ள உட்டேனா?"

"நான் யாரையும் சொல்லல மே. ஜன்னலு தொறந்து கீது, அரிசி சிந்தி கீது, அவ்ளோதான்."

"ஆடியில ஏதுய்யா கடல்காக்கா? அது பங்குனியிலயே பூட்ச்சே."

"உன்கிட்ட டிக்கெட்ட காமிச்சுட்டுப் போச்சா?"

சுமைக்காரர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. கெங்கம்மாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பதினோரு வருடமாகப் பார்த்துவந்த ஆளைப் புதிதாகப் பார்க்கிறவர்போல் இருந்தது அந்தப் பார்வை.

"எனக்கு எய்தி வேணும்" என்றார். "பூச்சியா, பறவையா, எது எதால வந்துச்சு. சரக்கு வாங்குறவங்க கேப்பாங்க. நாளைக்கு சாயங்காலம் அசர் தொழுகைக்கு முன்னால குடுங்க. பறவைன்னா கெங்கம்மா இனிமே வரவேணாம்."

"இவன் எய்துவான் பாய்" என்று செல்வம் என் தோளில் கை வைத்தார். "கையெழுத்து அச்சடிச்சமாரி இருக்கும்."

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அந்த ஜன்னலைத் திறந்தவன் நான்தான்.

*

மருந்து வைப்பது என்றால் இப்படித்தான். மூட்டை அடுக்கை முழுக்க ஒரு தடித்த பிளாஸ்டிக் விரிப்பால் மூடவேண்டும். உள்ளே மாத்திரையை வைத்தால் அது காற்றுப் பட்டுப் புகையும். ஏழு நாள் புகை வெளியே போகக்கூடாது. விரிப்பின் ஓரம் தரையோடு ஒட்டிக் கிடக்க, மணல் அடைத்த நீளமான துணிக்குழாய்களை அதன்மேல் வரிசையாகப் போடுவோம். மணல் பாம்பு என்று பெயர். பாம்பு மாதிரியே வளைந்து, தரையின் பள்ளம் மேட்டுக்கெல்லாம் படிந்து கிடக்கவேண்டும். அதற்குக் காய்ந்த ஆற்றுமணல்தான் சரி.

வைகாசிக் கடைசியில் பழைய பாம்புகள் கிழிந்துபோனதால் புதிதாக அடைக்கச் சொல்லிவிட்டுப் போனார் செல்வம். மணல் கடை அன்றைக்குப் பூட்டியிருந்தது. கடற்கரையோ ரோட்டைத் தாண்டினால் வந்துவிடும். நாலு கூடை வாரிவந்து, வெயிலில் காயவைத்து அடைத்தேன். தொட்டுப் பார்த்தபோது பொரி மாதிரி இருந்தது. கடலோரத்தில் பிறந்தவன் யாரும் இதைச் செய்திருக்கமாட்டான். உப்பு மணல் எத்தனை காய்ந்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூன்றாவது நாள் பார்த்தால் பாம்பெல்லாம் விறைத்துக் கட்டை மாதிரி கிடந்தன. கிழக்கு மூலையில் தரை கொஞ்சம் குழி. அங்கே பாம்பு பாலம் மாதிரி நின்றது. கீழே விரல் போகிற இடைவெளி.

அன்றைக்குக் கெங்கம்மா வாசலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னா நைனா, பூண்டு நாத்தம் அடிக்குது? வவுத்த பொரட்டுது" என்றாள். மருந்துப் புகைக்குப் பூண்டு வாசனை. ஓடிப்போய் இன்னும் இரண்டு பாம்பை அந்த இடத்தில் போட்டேன். வாசனை போகட்டும் என்று ஏணி வைத்து ஜன்னலைத் தள்ளித் திறந்தேன். அப்புறம் மூட மறந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது கிடங்கில் எல்லாரும் சாப்பாட்டுக்குப் போனபிறகு தனியாக ஏணியில் ஏறினேன். எழுதுவதற்கு முன் பார்த்துவிடலாமே என்று.

இரண்டையும் எனக்குத் தெரியும். அந்துப்பூச்சியைத் தொழிலால் தெரியும். சாம்பலில் புரட்டினது மாதிரி நிறம், அரை விரற்கடை நீளம். சத்தமே கிடையாது. பகலில் கோணியோடு கோணியாக ஒட்டிக்கொண்டிருக்கும், கைபட்டால்தான் எழும்பும். றெக்கை முளைத்தபிறகு அது எதையும் தின்பதில்லை. தின்றதெல்லாம் புழுவாக இருக்கும்போது முடிந்துவிடும். பிறந்த மூட்டையிலேயே தின்று, அதிலேயே நூல் விட்டுக் கூடு கட்டி, அடுத்த மூட்டையில் முட்டையிட்டுச் சாகும். வருடம் முழுக்க இங்கேயேதான்.

கடல்காக்கையைத் தெரிந்தது வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளால். பேச ஆள் இல்லாத ஊரில் கடற்கரையில்தான் உட்கார்ந்திருப்பேன். ஐப்பசியில் கூட்டமாக வரும். எந்த ஊரிலிருந்தோ, வடக்கே மலைக்கு அப்பாலிருந்து என்றார்கள். வெள்ளை உடம்பு, காதோரம் ஒரு மை வைத்த புள்ளி. ஒரு மீன் தலைக்குப் பத்துப் பறவை கத்தும். அது திருடினால் தெருவுக்கே தெரியும். பங்குனியில் தலையில் காபித்தூள் அப்பினது மாதிரி நிறம் ஏறும். நிறம் ஏறிய கொஞ்ச நாளில் கடற்கரை காலியாகிவிடும்.

மேலே இருந்த மூட்டைகளில் ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரே அளவு, ஒரே பக்கம் சாய்ந்த கீறல். பறவை கொத்தினால் சணல் நார் வெளியே பிய்ந்து நிற்கும். இது சுமைக்காரரின் கொக்கி போட்டு இழுத்தது. ஓட்டைக்குள் விரலை விட்டேன். அரிசி சுத்தமாக உதிர்ந்தது. நூல் இல்லை, புழு இல்லை. இறங்கி, கிழக்கு மூலையில் தரையோரத்து மூட்டையைக் குத்திப் பார்த்தேன். கொத்துக் கொத்தாக வந்தது, நடுவில் வெளுத்த புழு நெளிந்தது. அந்த மூட்டையில் ஓட்டையே இல்லை.

பறவை வேலை செய்ததாகச் சொன்ன இடத்தில் பூச்சி இல்லை. பூச்சி இருந்த இடத்துக்குப் பறவை வரவே முடியாது.

மறுபடி ஏணியில் ஏறி, இறகு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். யாரோ வாசலில் நிற்பதுபோல் இருந்தது. திரும்பினேன். கெங்கம்மா. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"இன்னா எட்த்த?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் என் சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

*

காசிமேட்டில் தேவகிருபை என்ற அம்மாள் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தாள். முள், நரம்பு, ஈயக்குண்டு. மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, முள்ளில் வெள்ளை இறகு வைத்து நூலால் சுற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இழுத்தால் சின்ன மீன் ஓடுகிற மாதிரி இருக்கும், பெரிய மீன் ஏமாந்து கடிக்கும். நான் இறகை நீட்டினேன்.

"இது கடல்காக்கா எறகான்னு பாத்துச் சொல்லுங்கம்மா."

வாங்காமலே என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இன்னா, போலீஸா? காட்டிலாகாவா?"

"மருந்து வைக்கிற ஆளும்மா. திருவொத்தியூர் கிடங்கு."

"பேச்சு நம்மூரு பேச்சாட்டம் இல்லையே."

"சங்கரன்கோவில்."

"அவ்ளோ தூரத்துலேர்ந்து எறகு விசாரிக்க வந்துக்கிறயா?" வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் வலை முடிந்துகொண்டிருந்த ஆளிடம் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"தே, இது கோயி எறகு. வெள்ளக்கோயி. அடித்தண்ட பாரு, கத்திரி வெச்சி வெட்டிகீது. நான்தான் வெட்டுவேன், முள்ளுல கட்ட அளவா இருக்கணும்னு. பறவ இன்னா, கத்திரிய எட்த்துக்கினு போயா உதுர்த்துச்சு?"

"இந்தக் கடையில உள்ளதா?"

"கடல்காக்கா எறகே வேணும்னா ஐப்பசிக்கு வா. இப்போ எங்க தேடியும் கெடைக்காது."

"நேத்து யாராச்சும் வாங்கினாங்களாம்மா?"

சிரிப்பு நின்றுவிட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒருத்தரு வந்தாரு. முள்ளு வேணாம், நரம்பு வேணாம், எறகு மட்டும் குடுன்னாரு. செவப்பு மோட்டார் சைக்கிளு. எதுக்குன்னு நான் கேக்கல. நீயும் அத்த என் வாயால கேட்டதா சொல்லாத. இன்னா பேஜாரோ உங்களுக்குள்ள."

திருவொற்றியூர் பக்கம் சிவப்பு மோட்டார் சைக்கிள் ஆயிரம் இருக்கும். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், செல்வத்தினுடையது.

*

மறுநாள் மதியம் கிடங்குக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் செல்வம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு டீ சொல்லியிருந்தார். அவர் எனக்காக டீ சொல்வது வழக்கமில்லை.

"எய்திட்டியா?"

"இல்லண்ணே. அது கோழி இறகு."

டீயை ஒரு வாய் குடித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கடைக்காரர் காதில் விழாதபடி என் பக்கம் சாய்ந்தார்.

"ஓ, விசாரணைக்கெல்லாம் போய்ட்டு வந்துட்டியா. சரி. நான் ஒண்ணு கேக்கறேன், நீ சொல்லு. மணலு எங்க எட்த்த?"

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன்.

"விரிப்ப எடுக்கறப்பவே பாத்தேன். துணியெல்லாம் உப்பு பூத்து கீது. உள்ள கிளிஞ்சல் நெருடுது. ஜன்னல தொறந்தது யாரு? அந்தப் பொம்பளயா? அவளுக்கு ஏணி தூக்க வருமா?" விரலால் என் முட்டியைத் தட்டினார். "யார காப்பாத்தறதுக்கு நான் எறகு வாங்கியாந்தேன்னு நெனைக்கற?"

"என்னையா?"

"பின்ன? பூச்சின்னு எய்தினா, ஏன் சாவலன்னு கேப்பாரு. பொக வெளிய பூட்ச்சின்னா, யார் மூடுனான்னு கேப்பாரு. நீதான. வேல போவும், அதோட வுடுவாரா? கொட்டாயும் போவும். ஊருக்கு எந்த மூஞ்ச வெச்சிக்கினு போவ?"

"கெங்கம்மாவுக்கும் வேலை போகுமே அண்ணே."

"அவளுக்கு இன்னா, நாளைக்கே வேற கெடங்குல தொடப்பத்த எடுப்பா."

எடுக்கமாட்டாள். சரக்கைக் கிழியவிட்டவள் என்று பெயர் வந்தால் எண்ணூர் வரைக்கும் எந்தக் கிடங்கிலும் சேர்க்கமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றுகிறார் என்பதையும் என்னால் நம்பமுடியவில்லை. உப்பு பூத்த துணியை அன்றைக்கே பார்த்தவர், அன்றைக்கே ஏன் மறுபடி மருந்து வைக்கவில்லை? சரியாக முடிந்தது என்று பாயிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர் அவர்தானே. டீ ஆறிப்போய்விட்டது. குடிக்காமல் எழுந்தேன்.

"அருளு" என்று பின்னால் கூப்பிட்டார். "பறவன்னு எய்து. பறவ வந்து நான் இல்லன்னு சொல்லப் போறதில்ல."

*

மூன்று மணிக்கு மஜீது பாய் வந்தார். நாற்காலியைக் கிடங்கின் வாசலிலேயே போட்டு உட்கார்ந்தார். செல்வம் அவர் பக்கத்தில். சுமைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். கெங்கம்மா தன் டிபன் டப்பாவையும் சேலையையும் முன்கூட்டியே மூட்டை கட்டி வைத்திருந்தாள். தீர்ப்பு என்னவென்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதுபோல.

"குடு தம்பி" என்று பாய் கையை நீட்டினார்.

"எழுதலை பாய். காட்டுறேன்."

கொட்டகையிலிருந்து ஒரு மணல் பாம்பைத் தோளில் போட்டு இழுத்து வந்தேன். அவர் காலடியில் போட்டபோது கட்டை விழுகிற மாதிரி சத்தம் வந்தது. ஒரு சுமைக்காரரிடம் கொக்கியை வாங்கித் துணியைக் கிழித்தேன். மணல் கொட்டவில்லை. கருத்த பாளம் ஒன்று உடைந்து விழுந்தது, நடுவில் கிளிஞ்சல்.

பாய் குனிந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"கடல் மண்ணு. யார் அடைச்சது?"

"நான். ஜன்னலைத் திறந்ததும் நான்தான். புகை வெளியே வந்துச்சு, அதான் திறந்தேன். பூச்சி சாகலை. கிழக்கு மூலையில அடி மூட்டையைப் பாருங்க, ஓட்டையே இல்லாம புழு இருக்கு. மேல் மூட்டையில ஓட்டை இருக்கு, புழு இல்லை. பறவை வரவே இல்லை."

"அப்போ எறகு?"

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு நொடிகூடத் தடுமாறாமல் பாயிடம் திரும்பினார்.

"பாத்தீங்களா பாய்? இவன்தான் வெச்சிருக்கான். தப்ப மறைக்க எறகப் போட்டுட்டு, இப்போ மாட்டிப்போம்னு பயந்து அவனே ஒத்துக்கறான். நானே ஏமாந்துட்டேன்."

"இல்லை பாய். காசிமேட்டுல..."

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்த அம்மாளைச் சாட்சிக்கு இழுக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லைதான். ஆனால் அவள் சொல்லாதே என்று சொல்லியிருந்தாள். சிவப்பு மோட்டார் சைக்கிள் என்றால் பாய் சிரிப்பார்.

பாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரையும் நம்பவில்லை என்று தெரிந்தது.

"எறகு யாரு வெச்சான்னு அல்லாவுக்குத் தெரியும். மண்ணு யார் அடைச்சான்னு நீயே சொல்லிட்ட. செல்வம், உங்க மொதலாளிய நாளைக்கு வரச்சொல்லு, நான் பேசிக்கறேன். இந்தத் தம்பி இப்பவே கெளம்பட்டும். கெடங்குல அரிசியும் கீது, கொட்டாய்ல மருந்தும் கீது. வெளிய போறப்போ பைய பாத்து உடுங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "கெங்கம்மா, நீ பாரு. நீ இருக்கலாம்."

கட்டியிருந்த மூட்டையை அவள் அவிழ்க்கவில்லை. அப்படியே சுவரோரம் தள்ளி வைத்தாள்.

எனக்கு எடுத்துக்கொள்ள அதிகம் இல்லை. இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போர்வை, சோப்பு டப்பா. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது அவள் மட்டும் அங்கே நின்றாள்.

"இன்னாத்துக்கு சொன்ன?" என்றாள்.

"நான்தானக்கா திறந்தேன்."

"அது தெரியும் எனக்கு. அன்னிக்கு நீ ஏணி எட்த்துக்கினு ஓடுனப்பவே பாத்தேன்."

"பின்னே ஏன் நேத்துச் சொல்லலை?"

"யார் நம்புவான்? நீ எய்துற ஆளு, நான் கூட்டுற ஆளு." என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்த உடு. வேல போவும்னு தெரிஞ்சே சொல்லிக்கிற. சும்மா எவனும் அப்டி செய்யமாட்டான். இன்னா வேணும் உனக்கு? நாளைக்கு எங்க வூட்டாண்ட வந்து எதனா கேட்டு நிப்பியா?"

"ஒண்ணும் வேண்டாம்க்கா."

"அதான் பயமா கீது." கையை நீட்டினாள். "பைய தொற."

திறந்து காட்டினேன். சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள். போர்வையை விரித்துப் பார்த்தாள். சோப்பு டப்பாவையும் திறந்தாள். கடைசியில் பையின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவி, வெளியே எடுத்து, விரல் நுனிகளை வெயிலில் காட்டிப் பார்த்தாள். ஒரு குருணை அரிசிகூட ஒட்டவில்லை என்று நிச்சயமானபிறகுதான் கேட்டைத் திறந்தாள்.